லார்வாவுக்கு வைத்த பெயர்: வகைப்படுத்தலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

விலங்கியல் செய்முறைத் தேர்வில் ஒரு ஸ்லைடை வைத்துவிட்டு, "பார்த்து எழுதுப்பா" என்பார்கள். மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் தூசி மாதிரி ஒன்று. மூன்று ஜோடிக் கால்கள், நடுவில் ஒற்றைக் கண், கண்டம் பிரியாத உடல் என்றால் நாப்ளியஸ். அதுவே முன்பக்க மூலைகளில் கொம்பு நீட்டியிருந்தால் கொட்டலசினுடையது, அதாவது பாறையிலும் படகடியிலும் ஒட்டிக் கிடக்கும் பார்னக்கிளினுடையது. பெரிய கண்கள், முதுகில் ஒரு முள், முகத்தில் ஒரு முள் என்றால் நண்டின் ஸோயியா. இலைபோலத் தட்டையாக, கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் ஃபில்லோசோமா, சிங்கி இறாலின் குஞ்சு. எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். இவையெல்லாம் ஒருகாலத்தில் தனித்தனி உயிரினங்களுக்கு வைத்த பெயர்கள் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

1785இல் வெளியான நூலில் டென்மார்க்கின் ஓ. எஃப். முல்லர் நாப்ளியஸை ஒரு பேரினமாக்கினார். 1802இல் பிரான்சின் போஸ்க் ஸோயியாவை அப்படியே செய்தார். ஃபில்லோசோமாவுக்கும் மெகலோபாவுக்கும் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் லீச். இவர்கள் யாரும் முட்டாள்கள் அல்ல. உருவத்தைக் கூர்மையாகவே பார்த்தவர்கள். ஆனால் சாராயக் குப்பியில் கிடக்கும் உடல் எதுவாகவும் மாறப்போவதில்லை. அதனிடம் 'நீ என்ன?' என்று கேட்கலாம்; 'நாளைக்கு என்ன ஆவாய்?' என்று கேட்க முடியாது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஜான் வான் தாம்சன். அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் இருந்த ராணுவ மருத்துவர், பல்கலைக்கழகத்துக்காரர் அல்ல. மஸ்லின் துணியில் வலை தைத்து நீரில் இழுத்தார். கிடைத்ததைக் கடல்நீரில் உயிரோடு வைத்துக் காத்திருந்தார். ஸோயியா நண்டின் குஞ்சுதான் என்று கண்டார். சினை நண்டின் முட்டையிலிருந்து ஸோயியாவே வெளிவருவதையும் பார்த்தார். 1826 ஏப்ரல் கடைசியில் படகுத்துறையில் பிடித்த, நீந்தித் திரிந்த சிற்றுயிர்கள் சில பத்தே நாளில் தோலுரித்துப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு கொட்டலசு ஆகிவிட்டன. லின்னேயஸும் க்யூவியரும் மெல்லுடலிகளோடு, நத்தை சிப்பிகளோடு, சேர்த்துவைத்திருந்த உயிர் அது. அது இறால் நண்டின் சொந்தம் என்று ஆனது. 1828 முதல் கார்க்கிலேயே சிறுசிறு பகுதிகளாக இவற்றை அச்சிட்டார். நம் சிறுபத்திரிகை வேலை மாதிரிதான்.

எதிர்ப்பு வந்தது. நன்னீர்க் கூனிநண்டின் முட்டையை ஆராய்ந்து 1829இல் ராட்கே எழுதிய நூலில், குஞ்சு ஏறக்குறையத் தாயின் வடிவிலேயே பொரிக்கிறது என்றிருந்தது. அது உண்மை. ஆனால் ஆற்றில் கண்ட அந்த உண்மையைக் கொண்டு கடலில் கண்டதை மறுத்தார்கள். பொய்யைவிட இந்த மாதிரி அரைகுறைப் பொதுமைப்படுத்தல்தான் அதிகநாள் நிற்கிறது.

க்யூவியரை வைத்து ஃபூக்கோ ஒன்று சொல்கிறார்: கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பிலிருந்து உள்ளுறுப்பின் இயக்கத்துக்கு வகைப்படுத்தல் நகர்ந்தது என்று. சரி. ஆனால் உள்ளே அறுத்துப் பார்த்தவரும் கொட்டலசை மெல்லுடலி என்றார். உள்ளே பார்ப்பது வேறு, காலத்தில் பார்ப்பது வேறு. தாம்சன் சேர்த்தது காலத்தை. அதற்குப் பிறகுதான் உருவத்தை வைத்து அடையாளம் சொல்வதற்கே உத்தரவாதம் கிடைத்தது. நான் தேர்வில் எழுதிய 'கொம்பு இருந்தால் கொட்டலசு' என்ற விதிக்குப் பின்னால், யாரோ பாத்திரத்தருகே காத்திருந்த நாட்கள் இருக்கின்றன.

இதை மனிதர்களுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஸோயியா நண்டாகத்தான் ஆகும்; இயக்கங்களுக்கும் மனிதக் கூட்டங்களுக்கும் அப்படி முன்னமே தீர்ந்த உருவம் கிடையாது. பேசவேண்டியது பெயர் வைக்கிறவர்களின் பழக்கத்தைப் பற்றி. அதில் நாமும் அடக்கம். நேற்றுத் தொடங்கிய ஒரு போராட்டத்தை ஒரே கூட்டத்தில் பார்த்துவிட்டு இன்னதென்று எழுதிவிடுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன்.

கணக்கும் இன்னும் முடியவில்லை. 1828இல் பெயர் பெற்ற செராட்டாஸ்பிஸ் என்ற முள்ளுடல் 'விலங்கு' ஓர் ஆழ்கடல் இறாலின் லார்வா என்று 2012இல்தான் மரபணு காட்டியது. 1899இல் ஹான்சன் விவரித்த இன்னொரு லார்வாவுக்கு 'ஒய்' என்ற எழுத்துதான் பெயர். 2008இல் ஹார்மோன் கொடுத்துப் பார்த்தபோது அது ஓடும் காலும் இல்லாத புழுப்போன்ற ஒன்றாகத் தோலுரித்தது. அதன் முழுவளர்ந்த உடலை இதுவரை யாரும் கண்டதில்லை. தெரியாததற்கு ஒரு எழுத்தை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருப்பதும் அறிவின் வேலைதான்.