உரிமச் சேவையகம்

உரிமச் சேவையகம் என்பது, ஒரு நிறுவனம் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் உரிமங்களை ஓரிடத்தில் கணக்கில் வைத்து, வலையமைப்பிலுள்ள கணினிகள் கேட்கும்போது வழங்கி, வேலை முடிந்ததும் திரும்பப் பெறும் நிரலாகும். ஐம்பது பேர் உள்ள ஆய்வகத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பேரே ஒரு மென்பொருளைத் திறப்பர் எனில் பத்து உரிமங்கள் போதும். எந்தக் கணினிக்கும் நிலையாக உரியதாகாமல் கைமாறும் இவ்வகை உரிமம் மிதவை உரிமம் எனப்படுகிறது.

அளவான வளத்தை முறைவைத்துப் பகிரும் இத்தகைய ஏற்பாடு பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்ற பெயரில் நெடுங்காலமாக உள்ளது. கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் தலைக்கட்டுக் கணக்கில் சேர்ந்தவர்கள் இறால் கிடைக்கும் இடங்களில் வலை கட்டும் உரிமையை முறைப்படி பெறுகின்றனர். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1991இல் வெளியிட்ட செபாஸ்டியன் மாத்யூவின் ஆய்வு இதை விரிவாகப் பதிவுசெய்துள்ளது. பாடு முறையில் இது யார் முறை என்பதை ஊராரே அறிவர். வலையமைப்பிலோ கணக்கு முழுவதும் சேவையகத்திடம் இருப்பதால், அது நின்றுவிட்டால் பணம் கட்டியவருக்கும் மென்பொருள் திறக்காது.

உரிமச் சேவையகங்களில் பரவலாக வழங்குவது, 1980களின் இறுதியில் ஃபிளெக்ஸ்எல்எம் என்ற பெயரில் தோன்றி இன்று ஃபிளெக்ஸ்நெட் எனப்படும் அமைப்பாகும். பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் தூர்வதைச் செயற்கைக்கோள் படங்களில் அளக்கப் பயன்படக்கூடிய ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருளின் மிதவை உரிமமும் இதன்மேல் இயங்குவதே. ஃபிளெக்ஸ்நெட்டில் எல்எம்ஜிஆர்டி என்னும் மேலாளர் நிரல் முதலில் எழுந்து, உரிமத்தை உண்மையில் எண்ணும் விற்பனையாளர் நிரலைத் தொடங்கிவைக்கிறது. இரண்டுக்கும் ஆதாரமான உரிமக் கோப்பு வெறும் உரைக்கோப்பே. அதன் முதல் வரியில் சேவையகத்தின் பெயரும், பெரும்பாலும் வலை அட்டையின் எண்ணாகிய கணினி அடையாளமும், கணினிகள் வந்து தொடர்புகொள்ளும் துறை எண்ணும் இருக்கும். அட்டையை மாற்றினால் அடையாளம் பொருந்தாமல் உரிமம் செல்லாததாகிவிடும்; புதிய கோப்பை விற்பனையாளரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

இயங்குதளங்கள் வேறுபடுவது தொடங்கும் முறையில்தான். விண்டோஸில் எல்எம்டூல்ஸ் என்ற சாளரக் கருவி வழியாக எல்எம்ஜிஆர்டியைச் சேவையாகப் பதிந்துவிட்டால், கணினி எழும்போதே அது எழும். லினக்ஸில் சிஸ்டம்டி அலகாகவும், மேக்கில் லாஞ்ச்டி வழியாகவும் அமைப்பர். இவ்விரண்டிலும் ரூட் அதிகாரமின்றி, தனிப் பயனர் கணக்கில் ஓட்டுவதே பாதுகாப்பானது. லினக்ஸில் எல்எம்ஜிஆர்டி நிரலை ஓட்டும்போது, கோப்பு கண்ணெதிரே இருந்தும் அப்படியொரு கோப்பே இல்லை என்று பிழை வருவது பலரை மணிக்கணக்கில் அலைக்கழித்துள்ளது. காணாமற்போனது எல்எம்ஜிஆர்டி அன்று, அதை ஏற்றிவைக்கும் எல்எஸ்பி இணைப்பு நிரலே.

சேவையகம் லினக்ஸிலும் பயனர் விண்டோஸிலும் இருப்பதில் தடையில்லை. உரையாடல் டிசிபி வழியாக நடப்பதால் துறை எண் திறந்திருந்தால் போதும். மேலாளர் நிரல் வழக்கமாக 27000 முதல் 27009 வரையுள்ள எண்களில் ஒன்றைக் கொள்ளும். விற்பனையாளர் நிரலின் எண்ணைக் கோப்பில் குறிக்காவிட்டால் ஒவ்வொரு தொடக்கத்திலும் வேறு எண் அமைந்து, தீயரண் அதை மறித்துவிடக்கூடும். ஆகவே அதையும் நிலையாக எழுதிவைப்பது நலம்.

யார் எந்த உரிமத்தை வைத்துள்ளனர் என்பதை எல்எம்ஸ்டாட் கட்டளை காட்டும். சேவையகத்தை நிறுத்தாமலே, திருத்திய உரிமக் கோப்பை எல்எம்ரீரீட் ஏற்கச்செய்யும். எல்எம்டௌன் சேவையகத்தை முறையாக மூடும். நிர்வாகி தனி விருப்பக் கோப்பில், ஒருவர் வேலை செய்யாமல் பிடித்துவைத்திருக்கும் உரிமம் குறித்த நேரத்துக்குப் பின் தானாகத் திரும்பவும், ஒரு குழு இத்தனைக்கு மேல் எடுக்காதிருக்கவும் விதிக்கலாம். பகிர்வின் நேர்மை பெரிதும் இந்தச் சிறு கோப்பைப் பொறுத்தது. ஆயினும் அது எழுதப்படாமலே விடப்படுவதும் உண்டு. இடையறாத சேவை தேவைப்படும் இடங்களில் மூன்று சேவையகங்களை இணைத்து, இரண்டு உயிரோடு இருக்கும்வரை உரிமம் கிடைக்கச் செய்வர்.

விற்பனையாளர் அனுமதித்தால் மடிக்கணினிக்கு உரிமத்தைக் கடனாக எடுத்து, ஏரிக்கரை ஊர்களில் இணைப்பின்றியும் வேலை பார்க்கலாம். அந்நாள்களில் அது அலுவலகக் கணக்கில் குறைந்தே இருக்கும். தவணை முடியும்போதோ பயனர் முன்னதாகத் திருப்பும்போதோதான் மற்றவருக்குக் கிடைக்கும்.