கிரேக்க வெள்ளிக் காசுகளில் அரச உருவம்

பண்டைய கிரேக்க வெள்ளிக் காசுகளை நெடுங்காலம் தெய்வங்களும் விலங்குகளுமே அலங்கரித்தன. உயிரோடிருக்கும் அரசனின் முகத்தைப் பொறிக்கும் வழக்கம், மாவீரன் அலெக்சாண்டரின் மறைவுக்குப் பிறகே கிரேக்க அரசுகளில் நிலைபெற்றது.

தொடக்கம்: கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏஜினா தீவு ஆமை பொறித்த காசுகளை வெளியிட்டது. ஏதென்ஸ் நகரக் காசின் முகப்பில் அதீனா, பின்புறம் அவளுடைய ஆந்தை. லாரியம் சுரங்க வெள்ளியில் அடித்த இந்த நான்கு திராக்மா காசு சுமார் 17.2 கிராம் எடையுள்ளது. வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்ததால், பல காசுகளில் உருவம் ஓரம் தள்ளி விழுந்திருக்கும்.

அலெக்சாண்டர் (கி.மு. 336–323): இவருடைய காசின் முகப்பில் சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ், பின்புறம் கையில் கழுகோடு அரியணையில் அமர்ந்த சீயஸ். மாசிடோனிய அரச குலம் தன்னை ஹெராக்ளிஸின் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்டது. அரசனின் பெயர் மட்டுமே எழுத்தில் இருந்தது.

மறைந்தவரின் முகம்: அலெக்சாண்டருக்குப் பின் பேரரசைப் பங்கிட்ட தளபதிகள் அவர் முகத்தையே தங்கள் உரிமைக்குச் சான்றாக்கினர். எகிப்தில் முதலாம் தாலமி, யானைத் தலைத்தோல் அணிந்த அலெக்சாண்டரைப் பொறித்தார். லைசிமாக்கஸின் காசில் அலெக்சாண்டரின் காதோரம் ஆட்டுக்கடாக் கொம்பு வளைந்திருக்கிறது. அது அம்மோன் தெய்வத்தின் அடையாளம். தலையைச் சுற்றிக் கட்டிய துணிப்பட்டையின் முனைகள் பிடரியில் தொங்குகின்றன. அந்தப் பட்டையே கிரேக்க அரசர்களின் முடி.

வாழும் அரசர்: தெய்வமாக்கப்பட்ட மன்னனுக்குக் கிடைத்த இடம் விரைவில் வாழும் மன்னர்களுக்கும் கிடைத்தது. கி.மு. 305 அளவில் அரசப் பட்டம் சூடிய தாலமி, பின்னர் தம் முகத்தையே பொறித்தார்; புடைத்த முகவாயை அச்சுச் சிற்பி மறைக்கவில்லை. மாசிடோனியாவின் டிமெட்ரியஸ் காளைக் கொம்போடு தோன்றினார்.

கிழக்கில்: பாக்திரியாவில் யூக்ரடைடிஸ் தலைக்கவசத்தோடு காட்சியளிக்கிறார். மிலிந்தர் எனப் பௌத்த நூல் குறிப்பிடும் மெனாண்டரின் காசுகளில் ஒருபுறம் கிரேக்கம், மறுபுறம் கரோஷ்டி எழுத்து. அகதோக்ளிஸ் தம் முகத்தைப் பொறித்த காசுகளோடு, முகம் இல்லாத காசுகளையும் வெளியிட்டார். ஆப்கானிஸ்தானின் அய் கானூமில் 1970இல் கிடைத்த அவருடைய வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் வாசுதேவன், மறுபுறம் பலராமன். அரசரின் பெயர் கிரேக்கத்திலும் பிராமியிலும் உள்ளது.