சிட்டுக்குருவியின் வயிற்றில் என்ன?

நம் ஊர்க் காப்பிக்கடையில், மேசைக்கடியில் சிந்திய பருக்கைகளைப் பொறுக்கித் தின்னும் சிட்டுக்குருவியை அறியாதார் யார்? தலையில் பழுப்பு நிறமும் கன்னத்தில் கரும்பொட்டும் உடைய அச்சிற்றுயிரை நாம் ஒரு பொருளாக மதிப்பதில்லை. அந்த இனத்தின்மீதே ஒரு பெருந்தேசம் போர் தொடுத்தது என்றால் வியப்பன்றோ?

1958ஆம் ஆண்டில் சீன அரசாங்கம் எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி ஆகிய நான்கையும் ஒழிக்குமாறு மக்களை ஏவிற்று. முதல் மூன்றும் நோய் பரப்புவன. குருவி செய்த குற்றம் யாது? உழவன் விளைவித்த தானியத்தைத் தின்றதே. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் பெய்ஜிங் நகரில் மூன்று நாட்கள் குருவி வேட்டை நடந்தது. சிறுவரும் முதியோரும் கூரைகளிலும் தெருக்களிலும் நின்று தகரத்தையும் சட்டியையும் தட்டிப் பேரொலி எழுப்பினர். அமர இடமின்றிப் பறந்து களைத்த குருவிகள் வீழ்ந்து மாண்டன. நாடெங்கும் கூடுகள் பிய்த்தெறியப்பட்டன, முட்டைகள் உடைக்கப்பட்டன.

தானியம் தின்பதைக் கண்ணால் கண்டோம். வேறு சாட்சி எதற்கு என்றனர் பலர். ஆனால் குருவி ஆண்டு முழுவதும் எதைத் தின்கிறது என்று ஆராய்ந்தவர் பறவையியல் அறிஞர் ஜெங் ஸுவோஷின். அவரும் அவருடைய துணைவரும் குருவிகளின் வயிற்றைக் கீறிப் பார்த்தனர். குளிர்காலத்தில் தானியமும் விதையும் இருந்தன. குஞ்சு வளர்க்கும் காலத்திலோ பயிரைக் கெடுக்கும் புழு பூச்சிகள் நிறைந்திருந்தன. பசித்த குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் ஊட்டியது அவற்றையே!

குருவிகள் குறைந்தன, பூச்சிகள் பெருகின. 1959 முதல் 1961 வரை சீனத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது, கோடிக்கணக்கானோர் மடிந்தனர். பொய்யான விளைச்சற் கணக்கும், அதை நம்பித் தானியத்தை வாரிச்சென்ற ஆட்சியுமே அதற்குத் தலையாய காரணங்கள். எனினும் பூச்சிகள் தின்ற பயிரும் அக்கணக்கில் சேரும். 1960இல் அரசாங்கம் குருவியின் பெயரை நீக்கி, மூட்டைப்பூச்சியை அவ்விடத்தில் வைத்தது. உண்மை வென்றது, ஆனால் காலம் கடந்து வென்றது. 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின்போது, குருவிக்காக வாதாடியதே ஜெங்கின்மேல் குற்றமாகச் சாட்டப்பட்டது.

இது சீனத்தாருக்கு மட்டும் உரிய பாடமா? கூகை அலறினால் வீட்டுக்குக் கேடு என்று அஞ்சும் வழக்கம் நம்மவரிடையேயும் உண்டு. மலேசியச் செம்பனைத் தோட்டங்களிலோ, பழக்குலைகளைக் கடிக்கும் எலிகளை ஒடுக்கும்பொருட்டு, அக்கூகைகளுக்கே கம்பம் நட்டுப் பெட்டி அமைத்துக் குடியிருப்புக் கொடுக்கின்றனர். நாம் தீயசகுனம் என்று கல்லெறிந்த பறவை, தோட்டக்காரனுக்குக் கூலி கேளாத காவலாளி!

ஒரு பறவையைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்குமுன், அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்பதே அறிவுடைமை. ஆதலின், இந்தக் குருவி எதைத் தின்கிறது என்று நாளை உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். அக்கேள்வியை உரிய வேளையில் மதியாததற்குத்தான் ஒரு தேசம் பெருவிலை கொடுத்தது.