சிறுநீரக நார்த்திசுப் பெருக்கம்

சிறுநீரக நார்த்திசுப் பெருக்கம் என்பது நாட்பட்ட நோயினால் சிறுநீரகத்தின் செயற்படு திசு அழிந்து, அவ்விடத்தில் தழும்பு போன்ற நார்த்திசு நிரம்பும் நிலையாகும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கிளாமருலஸ் அழற்சி எனத் தொடக்கக் காரணம் எதுவாயினும், முற்றிய சிறுநீரக நோய்களில் இந்நிலை பொதுவாகக் காணப்படுகிறது.

உருவாகும் முறை

தோலில் ஏற்படும் காயத்தை ஆற்றும் செயற்பாட்டை ஒத்ததே சிறுநீரகத்திலும் நிகழ்கிறது. காயம் ஆறியதும் தோலில் அது நின்றுவிடும். நாட்பட்ட நோயில் பாதிப்பு ஓயாததால், சிறுநீரகத்தில் அது நிற்பதில்லை. பாதிப்புற்ற நுண்குழல் உயிரணுக்கள் வெளிவிடும் வேதிப்பொருட்கள் வெள்ளையணுக்களை ஈர்க்கின்றன. உருமாற்ற வளர்ச்சிக் காரணி-பீட்டா எனும் புரதம் நாரரும்பர்களைத் தூண்டி, அவற்றைச் சுருங்கும் தன்மையுடைய தசைநாரரும்பர்களாக மாற்றுகிறது. இவை கொலாஜன் இழைகளை மிகுதியாகச் சுரக்கின்றன. நுண்குழல்களைச் சூழ்ந்த தந்துகிகள் குறைவதால் ஆக்சிசன் பற்றாக்குறை ஏற்பட்டு, மேலும் பல உயிரணுக்கள் அழிகின்றன.

தொடர் பாதிப்பு

ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. பிறந்த பின் புதிய நெஃப்ரான்கள் உருவாவதில்லை. எனவே அழிந்தவற்றின் பணியை எஞ்சியவை ஏற்கின்றன. இதனால் அவற்றினுள் அழுத்தம் உயர்ந்து அவையும் பழுதடைகின்றன. இக்கருத்தை 1982 இல் பாரி பிரென்னரும் அவரது குழுவினரும் விளக்கினர். முதற்காரணம் நீங்கிய பின்னரும் சிலருக்கு நோய் முற்றுவது இதனாலேயே ஆகும்.

கண்டறிதல்

எஞ்சிய நெஃப்ரான்கள் ஈடுசெய்வதால் தொடக்கத்தில் அறிகுறிகள் தோன்றுவதில்லை. ஏறத்தாழ பாதிச் செயற்திறன் குறையும் வரை இரத்தக் கிரியேட்டினின் இயல்பளவிலேயே இருக்கக்கூடும். பல நோயாளிகளில், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களில், சிறுநீரில் ஆல்புமின் காணப்படுவது அதற்கு முந்தைய அறிகுறியாகும். தழும்பின் அளவைத் திசு ஆய்வு மூலம் நேரடியாகக் காணலாம்.

மருத்துவம்

தழும்பை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. அது பரவும் வேகத்தைக் குறைக்கவே முடியும். முதலாம் வகை நீரிழிவினால் வரும் சிறுநீரக நோயைக் காப்டோப்ரில் மருந்து மந்தப்படுத்துவது 1993 இல் வெளியான ஆய்வில் அறியப்பட்டது. டாபாகிளிஃப்ளோசின் நீரிழிவு இல்லாத நோயாளிகளுக்கும் பயனளிப்பது 2020 இல் உறுதியானது.

எனினும் இத்தகைய திசு மாற்றங்கள் அனைத்தும் மீளாதவை அல்ல. கணைய மாற்று அறுவையால் இரத்தச் சர்க்கரை சீரான 8 நோயாளிகளை ஆராய்ந்த 1998 ஆம் ஆண்டு ஆய்வில், நீரிழிவினால் கிளாமருலசில் ஏற்பட்ட தடிப்பு 5 ஆண்டுகளில் மாறவில்லை; 10 ஆண்டுகளில் குறைந்திருந்தது.