போரைக் கண்டவர்களுக்கு ஆறு பேய்ப்படங்கள்

பேய்ப்படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஊர்களில் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: “நாங்கள் காணாத பேயா?” அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஷெல்லுக்கும் கிபிருக்கும் பங்கருக்குள் ஓடிய அதே ஆட்கள்தான் ஜெனரேற்றர் வெளிச்சத்தில் ‘யார்?’, ‘மை டியர் லிசா’, ‘13ஆம் நம்பர் வீடு’ போன்ற படங்களைக் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். இன்றுவரை பேய்ப்படம் பார்ப்பதை நிறுத்தவில்லை.

இந்தக் கட்டுரை என்னைப் போன்ற இரசிகர்களுக்கானது. நல்ல பேய்ப்படத்தின் உள்ளே எப்போதும் ஒரு வழக்கு இருக்கிறது. யாரோ அநியாயமாகக் கொல்லப்பட்டிருப்பார்கள், உடல் மறைக்கப்பட்டிருக்கும், கொன்றவர்கள் கௌரவமாக வாழ்ந்துகொண்டிருப்பார்கள். செத்தவருக்காகப் பேச ஆளில்லாதபோது செத்தவரே வந்து பேசுகிறார். ராகவா லோரன்ஸின் ‘காஞ்சனா’வில் (2011) நிலத்துக்காகக் கொன்று புதைக்கப்பட்டவர்கள் திரும்பி வருவதும் இந்தக் கணக்கில்தான். உலகின் சில இயக்குநர்கள் இந்தக் கணக்கைப் போருக்குப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். அப்படியான ஆறு படங்களை இங்கே தருகிறேன்.

ஒவ்வொரு படத்தின் முடிவிலும் ‘கவனிக்க’ என்று ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறேன். திடீர்ச் சத்தம் பேய்ப்படங்களின் அடிப்படை ஆயுதம். மற்றவர்களுக்கு அது ஒரு நொடித் திடுக்கிடல். ஷெல் சத்தத்தை உடம்பில் வைத்திருப்பவர்களுக்கு அது அன்றைய நித்திரையைக் கெடுக்கும். வழமையான விமர்சனங்கள் இதைச் சொல்வதில்லை. கதைகளின் முடிவுகளை நான் சொல்லப்போவதில்லை. என்ன சத்தமும் காட்சியும் வரும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. த டெவில்ஸ் பேக்போன் (ஸ்பானியம், 2001)

மெக்ஸிகோ இயக்குநர் கியெர்மோ டெல் தோரோவின் படம். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், தோற்றுக்கொண்டிருக்கும் குடியரசுத் தரப்பினரின் பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் ஓர் அநாதை விடுதியில் கதை நடக்கிறது. அங்கே புதிதாகக் கொண்டுவந்து விடப்படும் சிறுவன் கார்லோஸ். தன் தகப்பன் இறந்துவிட்டார் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

விடுதி முற்றத்தின் நடுவில் வெடிக்காத குண்டொன்று தலைகீழாக மண்ணில் குத்தி நிற்கிறது. அது செயலிழக்கச் செய்யப்பட்டுவிட்டது என்கிறார்கள் பெரியவர்கள். பிள்ளைகள் அதை நம்புவதில்லை. அதற்குள் இதயம் துடிக்கிறது என்கிறார்கள். குண்டு விழுந்த அதே இரவில் காணாமற்போன ஒரு சிறுவன்தான் இப்போது விடுதியின் பேய். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளுக்குப் பக்கத்தால் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு அந்த முற்றத்தை விளக்கத் தேவையில்லை.

பேயைவிட மனிதன் பயங்கரமானவன் என்று பல படங்கள் வாயால் சொல்லும். இந்தப் படத்தில் அதைச் சொல்லவே தேவையில்லை. பாதிப் படத்தில் அந்தப் பேய்ச் சிறுவன்மேல் பயம் போய் இரக்கம் வந்துவிடும். பட்டியலில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமுள்ளவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கவனிக்க: பெரிய வெடிப்பு ஒன்று வருகிறது. அதில் சிறுவர்கள் காயப்படுகிறார்கள், இறக்கிறார்கள். கைதிகளைச் சுட்டுக் கொல்லும் காட்சியும் உண்டு.

2. அண்டர் த ஷடோ (பாரசீகம், 2016)

ஈரானில் பிறந்து பிரித்தானியாவில் வாழும் பாபக் அன்வாரியின் முதல் முழுநீளப் படம். 1980களின் தெஹ்ரான். ஈராக்குடனான போரில் நகரின்மேல் ஏவுகணைகள் விழும் காலம். ஷிதே என்ற பெண் பழைய அரசியல் ஈடுபாட்டுக்காக மருத்துவப் படிப்பைத் தொடர முடியாமல் தடுக்கப்படுகிறாள். டொக்டரான கணவனைப் போர்முனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடுக்குமாடி வீட்டில் அவளும் சின்ன மகள் டோர்சாவும் மட்டும்.

ஒருநாள் ஏவுகணையொன்று கூரையைத் துளைத்து மேல்வீட்டுக்குள் வந்து வெடிக்காமல் நிற்கிறது. அதன் பிறகு மகளின் பொம்மை காணாமற்போகிறது. காற்றோடு ஜின் வந்துவிட்டது என்ற பேச்சுப் பரவுகிறது. அயலவர்கள் ஒவ்வொரு குடும்பமாக நகரைவிட்டு வெளிக்கிடுகிறார்கள்.

இந்தப் படத்தின் உண்மையான திகில் ஜின் அல்ல. எப்போது வீட்டை விட்டு வெளிக்கிடுவது என்ற கேள்விதான். ஷிதே போக மறுக்கிறாள். பிறகு போகச் சம்மதிக்கும்போது, பொம்மை இல்லாமல் வரமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடிக்கிறது. இடம்பெயர்ந்த எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு சாமான் இருந்திருக்கும். அதற்காகத் திரும்பி ஓடிய ஒருவரும் இருந்திருப்பார். கண்ணாடி சிதறாமல் இருக்க ஜன்னல்களில் ஒட்டிய ரேப், சைரன் கேட்டதும் நிலவறைக்கு இறங்கும் படிகள், மேற்சுவரில் நாளுக்கு நாள் நீளும் வெடிப்பு என்று போர்க்கால வீடு அப்படியே இருக்கிறது.

கவனிக்க: ஏவுகணை, சைரன் சத்தங்கள் படம் முழுவதும் வரும். நிலவறைக் காட்சிகள் நெருக்கமானவை. சத்தத்தைக் குறைத்து வைத்தே இதை நான் பார்த்தேன். படத்தின் பலம் அதனால் குறையவில்லை.

3. ஹிஸ் ஹவுஸ் (ஆங்கிலம், டிங்கா, 2020)

றெமி வீக்ஸ் இயக்கி நெட்ஃபிளிக்ஸில் வெளியான படம். தென்சூடானின் போரிலிருந்து தப்பிய போல், றியால் என்ற தம்பதியினர் கடல் கடந்து பிரித்தானியா வருகிறார்கள். வழியில் மகளை இழக்கிறார்கள். தடுப்பு முகாமிலிருந்து விடுவித்து, பழுதடைந்த வீடொன்றைக் கொடுத்து நிபந்தனைகளை வாசிக்கிறார்கள்: வேலை செய்யக்கூடாது, வேறிடம் போய்த் தங்கக்கூடாது, ஒழுங்காகக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த வீட்டின் சுவர்களுக்குள் யாரோ நடமாடுகிறார்கள்.

பேயிருக்கும் வீட்டை விட்டு ஏன் ஓடவில்லை என்பது இந்த வகைப் படங்களிடம் நாம் எப்போதும் கேட்கும் கேள்வி. இங்கே பதில் சட்டத்தில் இருக்கிறது. வீட்டை விட்டுப் போனால் புகலிடக் கோரிக்கை பாதிக்கப்படும். வீட்டில் பேய் இருக்கிறது என்று அதிகாரியிடம் சொல்லவும் முடியாது. நாங்கள் நல்ல ஆட்கள் என்று அவர்கள் திரும்பத் திரும்ப நிரூபிக்கவேண்டியிருக்கிறது. இலண்டனிலும் பாரிஸிலும் வருடக்கணக்காக ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்த எங்கள் உறவினர்களுக்கு இந்த வீடு பழக்கமான வீடு.

கணவன் எல்லாவற்றையும் மறந்து புது மனிதனாக விரும்புகிறான். மனைவி நிலத்தில் இருந்து கையால் சாப்பிடுகிறாள். ஒரே இழப்பை ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சுமப்பதை இவ்வளவு நேராகக் காட்டிய படங்கள் குறைவு. உயிர் தப்பியவர்கள் தப்புவதற்காகச் செய்தவற்றைப் பற்றியும் படம் பேசுகிறது. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் பேசுகிறது.

கவனிக்க: படகு கவிழ்ந்து ஆட்கள் மூழ்கும் காட்சி, பொதுமக்கள் கொல்லப்பட்டுக் கிடக்கும் காட்சி இரண்டும் உண்டு. திடீர்த் திடுக்கிடல் அதிகமுள்ள படங்களில் இதுவும் ஒன்று. கடல் வழியாகப் போய் இறந்த உறவினர் உள்ளவர்கள் யோசித்துப் பாருங்கள்.

4. லா யோரோனா (ஸ்பானியம், மாயா மொழிகள், 2019)

இந்தப் பெயரைத் தலைப்பில் கொண்ட ஹொலிவூட் படம் ஒன்றும் அதே வருடம் வந்தது. நான் சொல்வது குவாத்தமாலாவின் ஹைரோ புஸ்தமாந்தே எடுத்த படத்தை. பிள்ளைகளை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டுக் காலம் முழுவதும் அழுது திரியும் பெண்ணின் கதை இலத்தீன் அமெரிக்காவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பேய்க்கதை. புஸ்தமாந்தே அதைத் திருப்பிப் போட்டு, பிள்ளைகளைக் கொன்றது யார் என்று கேட்கிறார்.

ஓய்வுபெற்ற இராணுவத் தளபதி ஒருவருக்கு இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தண்டனை விதிக்கப்படுகிறது. பின்பு அது இரத்தாகிறது. அவர் வீட்டுக்குத் திரும்புகிறார். காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களைப் பிடித்தபடி மக்கள் வீட்டைச் சூழ்ந்துகொள்கிறார்கள். வேலைக்காரர்கள் விலகிப் போக, அல்மா என்ற இளம்பெண் புதிதாக வேலைக்கு வருகிறாள். இரவில் தளபதிக்கு அழுகைச் சத்தம் கேட்கிறது.

இது முழுக் கற்பனை அல்ல. குவாத்தமாலாவின் முன்னாள் ஆட்சியாளர் எஃப்ராயின் றியோஸ் மொன்ட்டுக்கு இக்ஸில் மாயா மக்களின் இனப்படுகொலைக்காகவும் மானிடத்துக்கு எதிரான குற்றங்களுக்காகவும் 2013 மே 10ஆம் திகதி 80 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. மறுவிசாரணை முடியுமுன் 2018இல் அவர் இறந்தார். 1960 முதல் 1996 வரையான அந்த நாட்டின் போரில் 200,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டனர் என்பது ஐ.நா. ஆதரவுடன் நடந்த உண்மை ஆணைக்குழுவின் மதிப்பீடு. நோபல் சமாதானப் பரிசு பெற்ற றிகொபெர்த்தா மென்ச்சுவும் படத்தில் சிறிது நேரம் தோன்றுகிறார்.

2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் படங்களோடு வீதியோரத்தில் இருந்த அம்மாக்களைக் கண்டவர்கள் இந்தப் படத்தை வெறும் பேய்ப்படமாகப் பார்க்கமுடியாது. இந்தப் படம் காட்டுவது சுவருக்கு மறுபக்கத்தை. வெளியே அழுகையும் கோஷமும் ஓயாமல் கேட்க, உள்ளே அந்தத் தளபதியின் மனைவி, மகள், பேத்தி ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்ததையும் தெரியாததுபோல் இருந்ததையும் எண்ணத் தொடங்குகிறார்கள்.

கவனிக்க: திடுக்கிட வைக்கும் சத்தங்கள் குறைவு, மெதுவான படம். ஆனால் நீதிமன்றத்தில் ஒரு பெண் தனக்கு நடந்த பாலியல் வன்முறையைச் சாட்சியமாகச் சொல்கிறாள். பிள்ளைகளின் மரணமும் வருகிறது. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைத் தேடும் வீட்டில் இதைத் தனியாக இருந்து பார்க்கவேண்டாம்.

5. குரோநெக்கோ (ஜப்பானியம், 1968)

ஹிரோஷிமாவில் பிறந்த கனேத்தோ ஷிந்தோவின் கறுப்பு வெள்ளைப் படம். பழைய காலத்துப் போரொன்றின்போது, படையினர் ஒரு குடிசைக்குள் புகுந்து தாயையும் மருமகளையும் சீரழித்துக் கொன்று, குடிசைக்குத் தீ வைத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு பெண்களும் பூனை உருவேறிய ஆவிகளாகத் திரும்பி, வழியில் வரும் சாமுராய்களை மூங்கில் காட்டுக்குள் அழைத்துப் போய்க் கொல்கிறார்கள். பேய்களை ஒழிக்க ஒரு சாமுராய் அனுப்பப்படுகிறான். அவன் வேறு யாருமல்ல. போருக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, வீரனாகத் திரும்பி வந்த அந்தத் தாயின் மகன்.

தன்னைக் கொன்றவர்களின் உடுப்பிலேயே மகன் வந்து நின்றால் தாய் என்ன செய்வாள்? படம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது. புகையும் வெள்ளை உடைகளும் மூங்கில்களும் சேர்ந்த அதன் காட்சிகள் இன்றும் பழசாகவில்லை.

கவனிக்க: பாலியல் வன்முறை முதல் சில நிமிடங்களுக்குள்ளேயே வருகிறது. நீளமாகக் காட்டவில்லை, ஆனால் பாரமானது. அந்தப் பகுதியைத் தாண்டிப் பார்த்தாலும் கதை விளங்கும்.

6. கொட்ஸில்லா (ஜப்பானியம், 1954)

பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாகிப்போன இந்தப் பெயரைப் பட்டியலில் கண்டு சிரிக்கவேண்டாம். இஷிரோ ஹொண்டாவின் முதல் கொட்ஸில்லா ஓர் இரங்கற்படம். 1954 மார்ச் 1ஆம் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுப் பரிசோதனையின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின்மேல் விழுந்தது. படகின் வானொலி இயக்குநர் செப்டெம்பரில் இறந்தார். நவம்பரில் படம் வெளிவந்தது. குண்டுப் பரிசோதனையால் எழுப்பப்பட்ட மிருகமொன்று கடலிலிருந்து வந்து தோக்கியோவை எரிக்கிறது.

எரியும் தெருவோரத்தில் பிள்ளைகளை அணைத்தபடி இருக்கும் ஒரு தாய், கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்விடலாம் என்று ஆறுதல் சொல்கிறாள். மறுநாள் ஆஸ்பத்திரி நிலம் முழுவதும் காயப்பட்டவர்கள். மிருகம் றப்பர் உடுப்புத்தான் என்பது தெரிந்தும் இந்த இரண்டு இடங்களையும் என்னால் இலேசாகக் கடக்க முடிவதில்லை. 1956இல் அமெரிக்காவில் வெட்டிச் சேர்த்து வெளியிட்ட பிரதியில் அணுகுண்டு பற்றிய பேச்சு நன்றாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அசல் ஜப்பானியப் பிரதியையே தேடுங்கள்.

கவனிக்க: நகரம் எரிவதும் ஆஸ்பத்திரிக் காட்சியும் தவிர வேறு கொடூரம் இல்லை. வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கக்கூடியது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

பார்க்கும் முறை

பேய்ப்படத்தை இரவில், விளக்கை அணைத்து, சத்தத்தைக் கூட்டிப் பார்க்கவேண்டும் என்று இரசிகர்கள் சொல்வார்கள். அது கட்டாயமில்லை. பகலில், கதவைத் திறந்து வைத்து, சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் சப்டைட்டில் கிடைப்பதால் கதை தப்பாது. நெஞ்சு படபடத்தால் நிறுத்துங்கள். அது கோழைத்தனம் இல்லை. பங்கரில் நிறுத்த முடியவில்லை, இங்கே நிறுத்தலாம். என் கணக்கில் பேய்ப்படம் எங்களைப் போன்றவர்களுக்குத் தருகிற பெரிய சலுகை அதுதான். நித்திரை வராதவர்களும் அந்த நாட்கள் அடிக்கடி கண்முன் வருபவர்களும் இந்தப் படங்களை மருந்தாக நினைக்கவேண்டாம். அதற்கு ஆஸ்பத்திரிகளில் மனநல டொக்டர்கள் இருக்கிறார்கள்.

தொடங்குகிறவர்கள் கொட்ஸில்லாவில் தொடங்கி, த டெவில்ஸ் பேக்போன், அண்டர் த ஷடோ என்று போகலாம். லா யோரோனாவைக் கடைசிக்கு வையுங்கள். மந்திரித்துக் கட்டிப் பேயை அடக்கிக் கதையை முடிக்கும் படம் இந்த ஆறில் ஒன்றும் இல்லை. நடந்தது என்னவென்று யாராவது வாய்திறந்து சொல்லும்வரை இவற்றில் வரும் செத்தவர்கள் போவதில்லை.