மசக்கையும் மணிக்கட்டும்

மசக்கைக்கு மருந்து கொடுக்கும் துணிவை மேலைநாட்டு மருத்துவம் இழந்திருந்த காலத்திலேயே சீனரின் பழைய அழுத்தமுறைக்கு அங்கு இடம் கிடைத்தது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் வழங்கப்பட்ட தலிடொமைட், 1961இல் மீளப்பெறப்படுமுன் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அங்கக்குறையுடன் பிறக்கக் காரணமாயிற்று. வழக்குகளின் நெருக்கடியால் 1983இல் பென்டெக்டினும் சந்தையினின்று அகன்றது. அதன்மீது சாட்டப்பட்ட குற்றமோ நிறுவப்படவில்லை. அதே கூட்டுமருந்து 2013இல் அமெரிக்காவில் மீண்டும் அனுமதி பெற்றது.

மருந்துகள் ஐயத்துக்குள்ளான அந்த 1980களிலேதான் பெல்பாஸ்ற் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் மயக்கமருந்தியற் பேராசிரியராக விளங்கிய ஜோன் டண்டி, ‘நெய்குவான்’ என்னும் புள்ளியை ஆராயப் புகுந்தார். உள்மணிக்கட்டு மடிப்பினின்று மூவிரலளவு மேலே, இரு தசைநாண்களின் நடுவே அமைவது அது. முதலிற் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட பெண்களிடத்தும், பின்னர் கர்ப்பிணிகளிடத்தும் அவர் அதனைச் சோதித்தார். 1988இல் வெளிவந்த ஆய்விலே, அப்புள்ளியை அழுத்தியோர் 119 பேருள் 23 பேரும், முழங்கையருகே பொய்ப்புள்ளியை அழுத்தியோர் 112 பேருள் 41 பேரும், எதுவுஞ் செய்யாதிருந்தோர் 119 பேருள் 67 பேரும் குமட்டலால் வருந்தினர்.

பொய்ப்புள்ளியும் ஓரளவு பயன்தந்தமையே ஈண்டு நோக்கற்பாலது. புள்ளியை அழுத்தும் கைப்பட்டிகள் பின்னர் மருந்துக்கடைகளிற் பெருகின. ஆயினும் அவற்றின் பயனில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, நரம்பின் பங்கு எவ்வளவு என்பதைப் பிந்திய ஆய்வுகளும் ஐயமறப் பிரித்துக் காட்டவில்லை.