செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியங்கள்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை ஒரே மதிலால் வளைத்துக் கட்டப்பட்டது. கல்யாண மகாலின் அடுக்குமாடங்களையும் ராஜகிரியின் செங்குத்தையும் பற்றி எழுதியவர்கள் பலர். இக்கோட்டையை எட்டாண்டு முற்றுகையிலும் தாக்குப்பிடிக்க வைத்தவற்றுள் முதன்மையான களஞ்சியங்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

கோனார் மரபினர் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே முதல் அரணை எழுப்பியதாக மெக்கன்சி தொகுப்பிலுள்ள மரபுவழி வரலாறு கூறுகிறது. மூன்று குன்றுகளையும் இணைக்கும் மதிலும் பெரிய களஞ்சியங்களும் விஜயநகரத்துக்கு உட்பட்ட நாயக்கர் காலத்தவை. அவற்றைத் துப்பாக்கி கிருஷ்ணப்ப நாயக்கரின் பணியாகக் குறிப்பிடுவது வழக்கம். மரபுச் செய்தி என்றாலும் இது நம்பத்தக்கதே. மதிலின் வளைவு விரிந்து, உள்ளே ஒரு நகரமே குடியேறிய பிறகுதான் இவ்வளவு பெரிய சேமிப்புக்குத் தேவை எழுந்திருக்க முடியும்.

களஞ்சியங்கள் இரு மட்டங்களில் அமைந்துள்ளன. ராஜகிரியின் அடிவாரத்தில், உட்கோட்டைக்குள், கல்யாண மகாலுக்கு அருகிலுள்ளது முதல் வகை. தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்ட நீண்ட அறைகள் அவை. உள்ளே வெளிச்சம் குறைவு. கூரை வரை படிகள் ஏறுகின்றன. நெல்லை மேலிருந்து கொட்டி, கீழ்வாயில் வழியாக எடுப்பது தமிழகப் பெருங்களஞ்சியங்களின் பொதுவான முறை. மேலிருந்து நிரப்பினால் அறையின் முழு உயரத்தையும் பயன்படுத்தலாம். வாசலும் சிறிதாக இருந்தால் போதும். குவிந்த நெல்லின் அழுத்தத்தைச் சுவர்களின் கனம் தாங்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தையும் பூச்சியையும் மட்டுப்படுத்தும். உமி நீங்காத நெல் அரிசியைவிட நெடுநாள் கெடாது என்பதால் நெல்லாகவே சேமித்தார்கள்.

அதே நாயக்கர் காலத்தைச் சேர்ந்த பாபநாசம் பாலைவனநாதர் கோயிற் களஞ்சியமும் திருவரங்கத்துக் கொட்டாரங்களும் வட்ட வடிவானவை, பெரிய குதிர்களைப் போன்றவை. செஞ்சியிலோ வளைவுக் கூரையுள்ள நீள்சதுர அறைகள். சுல்தானியக் கட்டடக்கலையின் வளைவு நுட்பம் விஜயநகரத்தின் அரண்மனைகளிலும் லாயங்களிலும் பரவியதன் தொடர்ச்சி இது.

இரண்டாம் வகைக் களஞ்சியங்கள் குன்றுகளின் மேலே உள்ளன. கிருஷ்ணகிரியில் களஞ்சியங்களோடு எண்ணெய்க்கும் நெய்க்குமான தொட்டிகளும் அமைந்திருக்கின்றன. சுமார் 240 மீட்டர் உயரமுள்ள ராஜகிரியின் உச்சிக்கு, ஆழமான பாறைப் பிளவின் மேலுள்ள சிறு பாலத்தைக் கடந்தே போக முடியும். பாலத்தை விலக்கிவிட்டால் ஒரு சிறு காவற்படை அங்கே நெடுநாள் நிற்கலாம். அதற்குரிய நெல்லும் சுனைநீரும் மேலேயே இருந்தன. கீழ்க்கோட்டை விழுந்தாலும் போர் முடிந்துவிடாது என்ற கணக்கின் மேல்தான் இந்த அமைப்பு முழுவதும் நிற்கிறது.

பீஜப்பூர் ஆட்சியிலிருந்த செஞ்சியை 1677இல் சிவாஜி கைப்பற்றி அரண்களைப் புதுப்பித்தார். அவருடைய கோட்டை நிர்வாகத்தில் காவலுக்கு ஹவல்தார், கணக்குக்குச் சப்னிஸ், தானியத்துக்கும் பிற பண்டங்களுக்கும் கர்க்கானிஸ் எனப் பொறுப்பு பிரிக்கப்பட்டிருந்தது. ஒரே ஆள் கோட்டையையும் அதன் உணவையும் விலைபேசிவிட முடியாதபடி செய்த கூர்மையான ஏற்பாடு இது.

கோட்டையின் பெருஞ்சோதனை 1690இல் வந்தது. பன்ஹாலா கோட்டையிலிருந்து தப்பி வந்த சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் அரசை நிறுவியிருக்க, சுல்பிகர் கான் தலைமையில் முகலாயப்படை கோட்டையை வளைத்தது. பசி முதலில் வருத்தியது வளைத்தவர்களைத்தான். 1692இன் இறுதியில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் தானியம் வரும் வழிகளை மறித்தனர். முகலாயப் பாசறையில் பஞ்சம் மூண்டது. சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். பின்னர் முற்றுகை மீண்டும் தொடர்ந்து, ராஜாராம் தப்பிச் சென்றபின் 1698இல் கோட்டை தாக்குதலில் வீழ்ந்தது.

களஞ்சியத்தின் முக்கியத்துவத்தைக் குறைத்தது 1750. அவ்வாண்டு செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப்படை வாயிற்கதவுகளை வெடிவைத்துத் தகர்த்து ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது. சேமித்த நெல்லுக்கு அங்கே வேலையே இல்லை. 1761இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் செஞ்சியின் படைமுக்கியத்துவம் தேய்ந்தது. 1780இல் ஹைதர் அலியின் படை சிறிது காலம் அதைப் பிடித்துவைத்திருந்தது.

யுனெஸ்கோ 2025இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளுள் செஞ்சியும் பன்ஹாலாவும் இடம்பெற்றுள்ளன. பன்ஹாலாவின் அம்பர்கானா என்னும் களஞ்சியத் தொகுதியிலுள்ள கங்கா, யமுனா, சரஸ்வதி களஞ்சியங்களிலும் வெளிப்படிகளில் ஏறிக் கூரைத் துளை வழியே தானியத்தைக் கொட்டினார்கள். ராஜாராமின் பயணத்தால் இணைந்த இவ்விரு கோட்டைகளின் களஞ்சியங்களையும் அறை அறையாக அளந்து ஒப்பிடுவது தக்காணக் கோட்டை ஆய்வில் செய்யவேண்டிய நல்ல பணி.